அவசரமில்லீங்க என்று சொன்ன புகார்

தொண்ணூறுகளின் கடைசியில், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதைத் தொட்டாலும் கெட்டுவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு.

எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் டைப்பிங் புரோகிராம் ஓடாது. அதனால் அதற்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் இயங்கும் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டிருந்தார்கள். அந்த உள் கம்ப்யூட்டரின் டிஸ்க் முழுவதும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு ஃபைல்தான்.

பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு கல்லூரி ஆசிரியையின் ஆய்வேடு அதில்தான் இருந்தது. திங்கட்கிழமை அவர் அதை ஒப்படைத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை அந்த டிஸ்க் ஃபைல் திறக்கவில்லை. டிஸ்க் பழுதாகிவிட்டது, சரிசெய்யவா என்று திரை கேட்டது. ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தது முதல் இரண்டு இயல்கள் மட்டும்.

சாஃப்ட்வேர் விற்ற சென்னைக் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"ஒரு சின்ன சந்தேகமுங்க. நல்லாத்தான் ஓடுச்சுங்க, இப்பக் கொஞ்சம் தொறக்க மாட்டேங்குதுங்க. அவசரமில்லீங்க."

அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியை என்னையே பார்த்தார். "ஏனம்மணி, ஊடு பத்தி எரிஞ்சாலும் அவசரமில்லீங்கன்னுதான் சொல்லுவியா?"

எங்கள் பக்கத்தில் குறை சொன்னாலும் கேட்பவர் மனம் நோகக் கூடாது. அப்படிப் பார்த்துப் பார்த்துச் சொல்வதில் குறையே காணாமல் போய்விடுகிறது.

மறுபடியும் போன் செய்தேன். அதே பெண்தான் எடுத்தார். ஆய்வேடு, திங்கட்கிழமை, வேறு முழுக் காப்பி இல்லை என்று சொல்லி, திரையில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

"சரிசெய்னு அமுக்கிட்டீங்களா?"

"இல்லீங்க. பயமா இருந்துச்சுங்க."

"நல்லதாப் போச்சு. மொதல்ல அந்த ஃபைலை வேற டிஸ்க்ல காப்பி எடுங்க. காப்பியில மட்டும் சரிபண்ணிப் பாருங்க."

அப்படியே செய்தேன். சரிசெய்யப்பட்ட காப்பி திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. ஆசிரியை மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். மூல ஃபைல் மட்டும் கைபடாமல் இருந்தது. திரும்பப் போன் செய்து நடந்ததை நடந்தபடியே சொன்னேன். சென்னைப் பெண் வேறொரு ரிப்பேர் புரோகிராமை ஃப்ளாப்பியில் போட்டு அன்றைய பஸ்ஸிலேயே அனுப்பிவைத்தார். சனிக்கிழமை புதிதாக ஒரு காப்பி எடுத்து அதில் ஓட்டினோம். கடைசிச் சில பக்கங்கள் தவிர எல்லாம் கிடைத்தது. விட்டுப்போனதை ஆசிரியை சொல்லச் சொல்ல அடித்துக் கொடுத்தேன்.

பயம் இன்றும் போகவில்லை. ஆனால் ஒன்று கெட்டுவிட்டால் கெட்டுவிட்டது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நான் சொல்லாமல் விட்டதற்கு அவரால் உதவ முடியாது.