இரண்டாம் தடவை ஊற்றாத தண்ணீர்

ஐம்பத்து நான்காம் வருஷம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறேகாலுக்கு சென்ட்ரலிலிருந்து கிளம்பும் கூடூர் பாசஞ்சரில் ஏறினேன். பொன்னேரிக்கு மூன்றாம் வகுப்பில் ஒன்பதணா. கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் வெள்ளைத் துணி, ஒரு மெழுகுவர்த்தி, குழந்தைக்கு ஒரு சட்டை. பழவேற்காட்டில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை ரோசாலியின் பிள்ளைக்கு அன்று ஞானஸ்நானம்; பிள்ளைக்காக நின்று பதில் சொல்லும் ஞானத்தகப்பன் நான்தான்.

எங்கள் மதத்தைச் சேராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஞானஸ்நானம் என்பது பெயர் வைக்கும் விழா மட்டுமல்ல. ஜென்மப் பாவம் கழுவப்பட்டு, பிள்ளை சர்வேசுரனுடைய பிள்ளை ஆகிறது. தேவதிரவிய அனுமானங்கள் என்கிற மற்ற எல்லாத் திருச்சடங்குகளுக்கும் அதுவே வாசல். ஒருவனுக்கு அது ஆயுளில் ஒரே தடவைதான். இதையெல்லாம் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்து, பிழை விட்ட இடத்தில் குட்டும் வாங்கியிருக்கிறேன். ஒப்பித்ததற்குப் பொருள் தெரிய பழவேற்காடு வரை போக வேண்டியிருந்தது.

எண்ணூர் தாண்டியதும் உப்புக்காற்று. அத்திப்பட்டில் பாத்திகளில் உப்பு வெள்ளையாகப் பூத்துக்கிடந்தது. மீஞ்சூரில் ஒரு கூடை வெற்றிலையும் அதன் சொந்தக்காரரும் என் மடிமேலேயே ஏறாத குறை. எட்டு மணிக்குப் பொன்னேரி. அங்கிருந்து பதினோரு மைல் பஸ். அந்தப் பஸ்ஸைப் பற்றி நான் எழுதினால் முதலாளி வழக்குப் போடுவார். எலும்புகள் எத்தனை என்று எண்ணத் தெரியாதவர்கள் அதில் ஒருமுறை போய்வரலாம் என்பதோடு விடுகிறேன். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல்கள். கடைசித் திருப்பத்தில் ஏரி தெரிந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், நடுவே பூநாரைக் கூட்டம். பட்ட பாடெல்லாம் அந்த ஒரு பார்வைக்குச் சரியாய்ப் போயிற்று.

பஸ் நின்ற இடத்தில் மச்சான் அந்தோணி காத்திருந்தார். கருவாட்டு மண்டி ஒன்றில் கணக்குப் பார்ப்பவர், பேச்சுக்காரர். அன்று என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பாதி வழியில்தான் சொன்னார்: பிறந்தது ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் ஆண். ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டன. மூத்தது விடிவதற்குள் போய்விட்டது. தகவல் கொண்டுவந்த ஆளிடம் நல்லதை மட்டும் சொல்லச் சொல்லியிருந்தாராம். நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மீதிக் கதை வீட்டில் தெரிந்தது. ஊர்க் கோயில் சாமியார் அப்போது ஏரிக்கு அக்கரை ஊர்களுக்குப் பூசைக்குப் போயிருந்தார். மூத்தவனுக்கு மூச்சு இழுத்தது. மச்சான், சாமியார் இல்லாதபோது கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாரைக் கூப்பிட ஓடினார். மருத்துவச்சியோ அப்போதுதான் பிறந்த இரண்டாவது பிள்ளையை அழவைக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தது அடுத்த வீட்டு கதீஜா ஒருத்திதான். மச்சான் கணக்குப் பார்க்கும் மண்டிக்காரரின் மனைவி, நல்ல மனசுக்காரி. ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சட்டம். படுத்தபடியே ரோசாலி செபத்தைச் சொல்லிக்கொடுக்க, கதீஜா அதைச் சொல்லிக்கொண்டே இரண்டு பிள்ளைகளின் தலையிலும் தண்ணீர் ஊற்றினாள்.

ஊற்றிய தண்ணீர்தான் தகராறு. வாசலில் குடம் நிறையத் தண்ணீர் இருக்க, அவள் தன் வீட்டுக்கு ஓடி ஜம்ஜம் தண்ணீரை எடுத்து வந்திருந்தாள். அவள் தகப்பனார் ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவிலிருந்து கொண்டுவந்து, தன் கடைசி மூச்சில் வாயில் விட என்று குப்பியில் அடைத்து வைத்திருந்தது. உபதேசியார் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். இது செல்லுமா என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை. பெரியவனைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைகளைப் புதைக்கும் மூலையில் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை. இடையில் ஏதோ ஓர் இடம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு வாரமாக ரோசாலி ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பத்து மணிக்குப் பூசை முடிந்து சாமியாரே வீட்டுக்கு வந்தார். தெற்கத்திக்காரர், நடுத்தர வயது, வேட்டித் தலைப்பால் முகம் துடைப்பதுபோல அங்கியால் துடைத்துக்கொள்பவர். மச்சான் முந்திக்கொண்டார். சந்தேகம் எதற்கு, கோயிலிலேயே இன்னொரு தடவை ஊற்றிவிட்டால் பேஜாரே இல்லை என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அதற்குத்தானே நானும் வந்திருந்தேன்.

உள்ளேயிருந்து ரோசாலி சொன்னாள்: "வேணாம் சாமி. இவனுக்கு மறுபடி ஊத்தினா, அவனுக்கு ஊத்தினது இன்னா ஆச்சி? ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணி, ஒரே கைதானே?"

இருப்பவனுக்குத் தண்ணீர் ஊற்றினால், போனவன் வெளியேதான் என்று நாங்களே எழுதிக்கொடுத்ததாக ஆகும்.

சாமியார் கதீஜாவை வரச் சொன்னார். அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தாமும் உட்கார்ந்தார். தண்ணீர் தலையில் ஓடியதா, சும்மா நனைத்ததா? ஓடியது. ஊற்றும்போதே வார்த்தைகளைச் சொன்னாளா? சொன்னாள், ரோசாலி சொன்னபடியே. தண்ணீரில் பன்னீர், அத்தர் ஏதாவது கலந்ததா? அதில் எதையும் கலக்க மாட்டார்கள் என்றாள். குப்பியின் அடியில் மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்தார்.

"இது ஊற்றுத் தண்ணீர்தானே அம்மா?"

"ஆமா சாமி. அங்க பள்ளிவாசலுக்குள்ள கீற கெணறு."

"வீட்டில் குடம் இருந்ததே. இதை ஏன் எடுத்தாய்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொயந்த மூச்சுக்குத் தவிச்சிக்கினு இருந்திச்சி சாமி. அந்த நேரத்துல கொடத்துத் தண்ணிய ஊத்த மனசு வரல. எங்க ஊட்டுல இருந்ததுலயே ஒசத்தி அதான்."

கடைசியாக ஒன்று கேட்டார்: ஊற்றும்போது மனசில் என்ன நினைத்தாள்? தன் மார்க்கத்துப் பிள்ளையாக்கவா?

"இல்ல சாமி. உங்க கோயில்ல இன்னா செய்வீங்களோ அது ஆவணும்னு நெனச்சேன். பெத்தவ அதத்தானே கேட்டா."

சாமியார் எழுந்தார். ஆறு, குளம், கிணறு, மழை எல்லாம் சர்வேசுரன் படைத்த தண்ணீர்தான் என்றார். திருச்சபை கேட்பது தண்ணீரைத்தான், அது எந்த ஊர் என்று அல்ல. வார்த்தை சரி, கை சரி, மனசும் சரி. இனி ஊற்றினால்தான் பாவம் என்றார். பிறகு தங்கை படுத்திருந்த அறையின் நிலைப்படிக்குப் போய் நின்றார்.

"சின்னவன் சவரிமுத்து என்று சொன்னார்கள். பெரியவன் பெயர் என்னம்மா?"

அந்த ஒரு வாரமாக யாரும் அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. அவள் சொன்னாள்: "அருளப்பன், சாமி." அப்புறம்தான் சத்தமாக அழுதாள். கதீஜா உள்ளே ஓடி அவளைக் கட்டிக்கொண்டாள். மச்சான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழவில்லை என்று எழுதினால் பொய்.

பதினொன்றரைக்குக் கோயிலில் மீதிச் சடங்குகள். வாசலிலேயே சாமியார் என்ன கேட்கிறாய் என்று லத்தீனில் கேட்க, பிள்ளையின் சார்பில் நான் "விசுவாசம்" என்று பதில் சொன்னேன். நாக்கில் உப்பு வைத்தபோது சவரிமுத்து முகத்தைச் சுளித்துத் துப்பினான். எங்கள் வம்சம்தான், சந்தேகமில்லை. எண்ணெய் பூசி, வெள்ளைத் துணி போர்த்தி, என் கையில் எரியும் மெழுகுவர்த்தியைக் கொடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டியை மட்டும் திறக்கவில்லை.

பிற்பகல் சாமியார் வெள்ளை உடுப்போடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். ஞானஸ்நானம் பெற்ற சிசுவுக்குக் கறுப்பு உடுத்துவதில்லை, துக்கச் செபமும் கிடையாது. மூலையிலிருந்து அந்தச் சிறு பெட்டியைச் சுவருக்கு உள்ளே கொண்டுவந்தோம். மண்டிக்காரரும் ஒரு பக்கம் பிடித்தார்.

ராயபுரத்தில் எங்கள் கோயிலில் ஞாயிறுதோறும் நாலைந்து ஞானஸ்நானம் நடக்கும். பலகாரம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே நிற்போம். இனி அப்படி நிற்க என்னால் முடியாது.

நாலரை மணி பஸ்ஸில் பக்கத்தில் ஒரு மீன்காரம்மாள். ஊருக்கு வந்த காரணத்தைக் கேட்டாள். தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றேன்.

"தங்கச்சிக்கு எத்தினி கொயந்தைங்க நைனா?"

"ரெண்டும்மா. ரெண்டும் ஆம்பளப் புள்ள."

"ரெண்டும் நல்லா கீதுங்களா?"

"நல்லா கீறாங்கம்மா," என்றேன். "ரெண்டு பேருமே."