பிப்ரவரி பதினொன்று முதல் இருபத்திரண்டு வரை

ஆரணியில் பட்டுச் சால்வை ஏற்றுமதி செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் ரேணுகாதேவிக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நெசவு தெரியாது. தாள் தெரியும்.

பெட்டி ஊரைவிட்டுக் கிளம்பும்போது கூடவே ஒரு தாள் போக வேண்டும். இந்தச் சரக்கு இந்த நாட்டில், இன்னார் தறியில் நெய்தது என்று உறுதி சொல்லும் தாள். அதை நம்பித்தான் வாங்குகிற நாடு சுங்க வரியைக் குறைக்கிறது. ஒப்பந்தம் போட்டவை அரசாங்கங்கள். கையெழுத்துப் போடுவது ரேணுகாதேவி. அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. புருஷன் துரையிடம் மட்டும் அதைச் சொல்லியிருக்கிறாள்.

"அங்க ஒருத்தர் பெட்டியப் பிரிக்காமலே உள்ள விடறாரு. ஏன் தெரியுமா? நான் போட்ட கையெழுத்துக்குதான்."

துரை சாயப்பட்டறைக் கறை போகாத கையை ஆட்டிச் சிரிப்பான். "ரேஷன் கடையில உன் கையெழுத்து சரியில்லன்னு திருப்பி அனுப்பினான். நார்வேல செல்லுதா? பரவாயில்லையே."

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையில் துரை சட்டை மாட்டிக்கொண்டே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

ஆண் பிள்ளை இல்லை. அடுத்த வாசலில் இருக்கும் துரையின் தம்பி திருமலை மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தான். திருமலை நெசவாளி. அவன் வீட்டுத் தறிக்கு இந்தக் கம்பெனியில் பதினாலாம் நம்பர். சாவு விழுந்தால் பங்காளி வீடுகளிலும் காரியம் முடிகிறவரை தறி ஓடாது. தறியில் பாதியில் நின்ற பாவு நூலின் மேல் அவன் ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டு வந்து, பதினாறு நாளும் அண்ணி வீட்டிலேயே கிடந்தான். தறிச் சத்தம் இல்லாமல் அந்தச் சந்தில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

இருபத்து நாலாம் தேதி காரியம். இருபத்தைந்தாம் தேதி வேலைக்குப் போனாள். மகள் சத்யப்ரியா சென்னைக்குக் கிளம்பிவிட்டாள்; வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மேஜைமேல் நார்வேக்குப் போகிற இருநூற்று நாற்பது சால்வைக்கான தாள் இருந்தது. வழக்கமாக ஒவ்வொரு தறியின் தேதியையும் பதிவேட்டில் விரல் வைத்துப் பார்ப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் மாதம் டெல்லி வழியாக ஒரு கடிதம் வந்தது. நார்வே சுங்கத்துறை சில சரக்குகளைப் பொறுக்கி எடுத்துச் சரிபார்க்கிறது. அதில் இந்தச் சரக்கும் ஒன்று. எந்தத் தறி, யார், எந்தத் தேதி என்று கேட்டிருந்தார்கள். குற்றச்சாட்டு இல்லை. வழக்கமான கேள்வி.

ரேணுகாதேவி பதிவேட்டை எடுத்து விரலை வைத்தாள். பதினாலாம் தறிக்கு வந்ததும் விரல் நின்றது.

தறி 14. திருமலை. பிப்ரவரி 11 முதல் 22 வரை. இருபத்து நாலு சால்வை.

அன்று சாயங்காலம் திருமலை வீட்டுக்குப் போனாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"அந்த இருபத்து நாலு நீ நெய்ஞ்சதா?"

அவன் ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "கொள்ளி வச்ச கையால நெய்வனா அண்ணி? இன்னா கேள்வி கேக்கற?"

"கீழ உன் கையெழுத்து இருக்குது."

"காரியம் முடிஞ்ச ராத்திரியே நோட்ட எடுத்துகினு வந்துட்டாரு ஓனரு. தேதி அவரே எழுதிட்டாரு. போடலன்னா அடுத்த பாவு கிடையாதுன்னாரு. போட்டுட்டேன்." நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணனுக்குத் தெரியாதுல்ல" என்றான்.

மறுநாள் அவள் கேட்டபோது முதலாளி விக்னேஷ் எதையும் மறைக்கவில்லை. அவனுக்கு முப்பத்து நாலு வயது. அப்பா காலத்திலிருந்தே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"சரக்கு அனுப்பற தேதி நெருங்கிடுச்சுக்கா. திருமலை தறி நின்னுபோச்சு. சென்னையில ஒரு மொத்தக் கடையில வாங்கிச் சேர்த்தேன். ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

"அது எங்க நெய்ஞ்சது சார்?"

"யாருக்குத் தெரியும்? சைனாவோ, வேற எங்கியோ. நோட்டு பக்காவா இருக்குது. அதப்படியே ஸ்கேன் பண்ணி ஜல்தியா அனுப்புங்க."

"அந்தத் தேதியில தறி ஓடல சார்."

"அக்கா." அவன் குரல் தணிந்தது. "உங்க வீட்டுச் சாவு நார்வேக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

அவன் சொன்னது சரிதான். தெரியவே தெரியாது. தெரிந்தவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பேசப்போவதில்லை. அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. துரையைப் பாடையில் கட்டித் தூக்கிப் போய் இரண்டு நாளில், அடுத்த வாசலில் நாளொன்றுக்கு இரண்டு சால்வை நெய்தார்கள் என்று ஆகிவிடும். அதன் கீழே அவள் கையெழுத்தும் இருக்கும். ஏற்கெனவே இருக்கிறது.

மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். ராத்திரி சத்யப்ரியா போனில் கூப்பிட்டபோது, "சாப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். சாப்பிடவில்லை.

நாலாம் நாள் பதில் எழுதினாள். இருநூற்றுப் பதினாறு சால்வைகளுக்குப் பதிவு சரி. இருபத்து நாலுக்குச் சரியில்லை. வெளியே வாங்கியவை, எங்கே நெய்தவை என்று நிரூபிக்க முடியாது. சரிபார்க்காமல் கையெழுத்திட்டது நான். எப்படித் தெரிந்தது என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இந்த நாலு மாதத்தில் அந்த வாக்கியத்தை அவள் எந்த மொழியிலும் எழுதியதில்லை.

என் கணவர் இறந்துவிட்டார். அந்த நாட்களில் எங்கள் குடும்பத்தில் யாரும் நெய்ய மாட்டோம்.

அனுப்பிவிட்டுப் பிரிண்ட் எடுத்து விக்னேஷின் மேஜைமேல் வைத்தாள். அவன் படித்தான். "இதுக்குதான் எங்கப்பா உங்கள வச்சிருந்தாரா?" என்றான். திட்டினானா, பாராட்டினானா என்று அவளுக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு அவன் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. வேலையைவிட்டு அனுப்பவும் இல்லை. அந்தத் தாள் வேலை தெரிந்த வேறு ஆள் இல்லை.

திருமலைக்குக் கம்பெனியிலிருந்து பாவு வருவது நின்றது. அவன் வேறொரு முதலாளியிடம் போய்விட்டான். தறிச் சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது. அவன்தான் வருவதில்லை. அவன் மனைவி லீலா குழம்பு கொடுக்க வருவாள். வாசற்படியோடு கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

செப்டம்பரில் நார்வேயிலிருந்து முடிவு வந்தது. இருநூற்றுப் பதினாறுக்குச் சலுகை செல்லும். இருபத்து நாலுக்கு முழு வரி. விசாரணை முடிந்தது. ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை. சுங்கக் கடிதத்தில் அது எதற்கு? கீழே ஒரு அட்டவணை. பதினாலாம் தறிக்கு நேராகக் காரணம் எழுதியிருந்தார்கள்: பிப்ரவரி 11 – 22, குடும்பத்தில் மரணம், உற்பத்தி இல்லை.

சத்யப்ரியா ஊருக்கு வந்தபோது ரேணுகாதேவி அதை எடுத்துக் காட்டினாள். சத்யப்ரியா சாப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலையில் இருப்பவள். மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"அப்பா பேரு இல்லையேம்மா."

"பேரு இல்ல" என்றாள் ரேணுகாதேவி. "தேதி சரியா இருக்குது."

பக்கத்து வீட்டில் தறி நின்றது. யாராவது வருகிறார்களா என்று இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி ஓட ஆரம்பித்தது.