என் வயிற்றுக்கு வாய் ஜாஸ்தி

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆன சமயம். மாம்பலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தேன். வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. மூலம்தான் என்று நானே முடிவு கட்டி, மாதக்கணக்கில் கருணைக்கிழங்காகத் தின்று தீர்த்தேன். ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூலம் இல்லை, குடலில் புற்று என்றார் டாக்டர். எதனால் வந்தது என்று கேட்டேன். அது எங்களுக்கே சரியாகத் தெரியாது என்று உண்மையைச் சொன்னார்.

ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஆசன வழியை மூடி, இடது பக்க வயிற்றில் ஒரு துவாரம் வைத்துவிட்டார்கள். மலம் இனி அந்த வழியாகத்தான். பஞ்சு வைத்து, மேலே துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். சுத்தமாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். அது போடும் சத்தத்தைத்தான் அடக்க முடியவில்லை. நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது! என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. பிறர் வீட்டில் சாப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

அப்போதுதான் மகளின் நிக்காஹ் வந்தது. எங்களில் விருந்து என்றால் சஹன்தான். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்து சாப்பிட வேண்டும். விருந்தாளிகளைக் கவனிக்கிற சாக்கில் நின்றே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் விடவில்லை. மயிலாப்பூரில் மரக்கடை வைத்திருந்தவர். அதுவரை அவரோடு நாலு வார்த்தை பேசியிருந்தாலே அதிகம்.

"இன்னா சம்பந்தி, நீங்க குந்தாம நான் எப்படிக் கை வைக்கறது?" என்று பக்கத்தில் இடம் விட்டுக் காத்திருந்தார். ரேஷன் காலத்துப் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன்.

இரண்டு கவளம்கூட இறங்கியிருக்காது. என் வயிறு சத்தம் போட்டது. தட்டைச் சுற்றியிருந்த கைகள் அப்படியே நின்றன. என் மகள் வாழப்போகும் வீட்டார் முன்னால்! பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

சம்பந்தி தன் வயிற்றைத் தட்டிக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க நைனா, என் வயித்துக்கு வாய் ஜாஸ்தி. கல்யாண வூடுன்னா போதும், கத்திக்கினே கீது" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் பக்கத்திலிருந்த நல்ல கறித்துண்டை மட்டும் என் பக்கம் தள்ளிவைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடைசிவரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் இப்போது இல்லை. விருந்துகளில் என் வயிறு பேசினால், "என் வயித்துக்கு வாய் ஜாஸ்தி" என்று நானே முந்திக்கொள்கிறேன். அன்று எனக்காக அவர் சொன்ன பொய்யை, இன்று உண்மையாகவே சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.