இரண்டாம் முறை எழுத்துக் கற்ற எங்கள் அக்கா

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரை ஏதாவது ஒரு வரிசையிலோ ரயில் நிலையத்திலோ பார்த்திருப்பீர்கள். கையில் புத்தகம் இருந்திருக்கும். கூப்பிட்டிருப்பீர்கள், இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்திருப்பார். அதனால் மனம் வருந்தியவர்கள் இருந்தால், தம்பி என்ற முறையில் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தை முடிக்காமல் அக்காவால் யாரையும் பார்க்க முடியாது.

அக்கா ரவாங்கில் பிறந்தவர். அப்பா பொதுப்பணித் துறையில் சாலைத் தொழிலாளி. பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். பள்ளியில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர், மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். அம்மா படுக்கையில் விழுந்ததுதான் காரணம். சமையல், துணி, அம்மாவின் மருந்து, என் பள்ளிச் சட்டை எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன. அந்த நாட்களில் உலையில் சோறு கொதிக்கும் நேரம் மட்டும்தான் அவருடையது. கடைச் சாமான் சுற்றி வந்த பழைய தாளைக்கூட நீவிவிட்டுப் படிப்பார். பாதிக் கதை கிழிந்துபோயிருந்தால் மீதியைத் தானே இட்டுக்கட்டி எனக்குச் சொல்வார். பெரும்பாலும் அவர் சொன்ன முடிவில் கெட்டவன் வழுக்கி விழுந்துவிடுவான்.

அம்மா காலமான பின் அக்கா கிள்ளானில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் லோரி ஓட்டுநர். அடுக்குமாடியில் நான்காவது மாடி வீடு. ஒரே மகள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அக்கா, இருபத்திரண்டு ஆண்டுகள் ரயிலில் போய் வந்தார்.

அப்படிப் போய் வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரயில் வருகிறது என்பார்கள், வராது. வந்தால் கால் வைக்க இடமிருக்காது. வீடு வந்து சேர்ந்தால் லிப்ட் ஓடாது. மூச்சு வாங்க மாடி ஏறினால் குழாயில் தண்ணீர் நின்றிருக்கும். புகார் சொல்லப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிவிட்டு இசையைப் போட்டுவிடுவார்கள். இதில் ஒன்று நடந்தாலே எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும். அக்கா போனை மேசையில் வைத்துவிட்டு, அது தன்பாட்டுக்கு இசைக்க, புத்தகத்தைத் திறப்பார்.

ஒருமுறை ஓர் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். நான் நான்கு முறை எழுந்துபோய் முகப்பில் சண்டை போட்டேன். ஒருவழியாக எங்கள் எண்ணை அழைத்தபோது அக்கா முகத்தைச் சுளித்தார்.

"நல்ல இடத்துல வந்து கூப்பிடுறான் பாரு! இன்னும் ரெண்டு பக்கம்தான் லா இருக்கு."

"ரெண்டரை மணி நேரமா இங்க உட்கார்ந்திருக்கோம்க்கா!"

"நீ உட்கார்ந்திருந்த. நான் எங்கெங்கயோ போயிட்டு வந்தேன்."

இதைப் படித்துவிட்டு அக்காவைப் பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். புத்தகத்தை வீட்டில் மறந்துவைத்துவிட்டு வந்த நாளில் ரயில் தாமதமானால், நிலைய ஊழியரிடம் அவர் பேசும் பேச்சை இந்த மலரில் அச்சிட முடியாது.

ஐம்பத்தெட்டாம் வயதில், ஒரு நாள் காலை, கடையைத் திறந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். கை கால் விழவில்லை, பேச்சு குழறவில்லை. பெரிய கண்டம் தப்பியது என்று கோயிலில் அர்ச்சனையும் செய்துவிட்டோம். நான்காம் நாள் நான் மருத்துவமனைக்குத் தமிழ்ப் பத்திரிகை வாங்கிக்கொண்டு போனேன். அக்கா ஆசையாக வாங்கி விரித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன பேப்பர்டா இது? என்ன பாஷை?"

"தமிழ்தான்க்கா."

"விளையாடாதடா."

அக்கா தாளைப் புரட்டினார். படங்களைப் பார்த்து இது கார், இது கோயில் என்று சொல்ல முடிந்தது. எழுத்து வந்த இடமெல்லாம் அவருக்கு வெறும் கோடாகத் தெரிந்தது. தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

மறுநாள் மருத்துவர் ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்துப் பெயரையும் முகவரியையும் எழுதச் சொன்னார். அக்கா தம் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு பிழையில்லாமல் எழுதினார். மருத்துவர் சற்று நேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, அதே காகிதத்தைக் காட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். அக்காவால் சொல்ல முடியவில்லை. அவர் எழுதியதை அவராலேயே படிக்க முடியவில்லை. மூளையில் எழுத்தை அடையாளம் காணும் இடம் மட்டும் அடிபட்டிருக்கிறது, கண்ணிலும் கையிலும் குறையில்லை என்று மருத்துவர் விளக்கினார். மலாய், ஆங்கில எழுத்துகளும்கூட அப்படியே போய்விட்டன.

வீட்டுக்கு வந்த அக்கா நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். புத்தக அலமாரி கண்ணில் படக்கூடாதாம். "எல்லாத்தையும் பழைய பேப்பர்காரனுக்குத் தூக்கிக் குடுத்துடுங்க" என்று அத்தானிடம் சொன்னார். அத்தான் அதிகம் பேசாதவர். "அடுத்த வாரம் பார்ப்போம் லா" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். ஐந்து மாதம் அதையே சொன்னார்.

நான் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். காலையில் ஓய்வாக இருக்கும் நாட்களில் கிள்ளானுக்குப் போய் அக்காவுக்குப் புத்தகம் படித்துக் காட்டத் தொடங்கினேன். எனக்குப் படிப்புப் பழக்கம் கிடையாது. எழுத்தெழுத்தாகத் தட்டுத்தடுமாறிப் படிப்பேன். மூன்றாம் நாள் அக்கா கையை உயர்த்தினார்.

"போதும்டா. அந்தப் பொண்ணு அழுவுறா, நீ தண்ணி பில்லைப் படிக்கிற மாதிரி படிக்கிற."

"பின்ன எப்படிக்கா படிக்கிறது?"

"குடு இங்க" என்று பிடுங்கினார். பிடுங்கிய பிறகுதான் தம்மால் முடியாது என்பது நினைவுக்கு வந்தது போலும். அழுவார் என்று பயந்தேன். அவருக்குக் கோபம் வந்தது. "என்னை அந்தப் பயிற்சிக்காரங்ககிட்ட கூட்டிட்டுப் போ" என்றார். மருத்துவமனை ஏற்பாடு செய்திருந்த எழுத்துப் பயிற்சிக்கு அதுவரை மூன்று முறை போக மறுத்தவர்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண்மணி. அவருக்குத் தமிழ் ஓரெழுத்தும் தெரியாது. "கக், உங்கள் கண்தான் மறந்துவிட்டது, கை மறக்கவில்லை. கையைக் கேளுங்கள்" என்று மலாயில் சொன்னார். மலாயில் அக்காவைக் 'கக்' என்பார்கள். எழுத்தைப் பார்த்து, அதன் மேல் விரலால் எழுதுவதுபோல் இழுக்க வேண்டும். விரல் போகும் போக்கில் அது என்ன எழுத்து என்று கை சொல்லிவிடும். முதல் வாரம் முழுக்க 'ப' என்ற ஓரெழுத்துதான். இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' இரண்டும் அக்காவைப் படாத பாடு படுத்தின. "இவனுக ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கடா, ஆளை மாத்தி மாத்தி ஏமாத்துறானுங்க" என்பார். 'ழ' வந்த அன்று வழியில் காரை நிறுத்தச் சொல்லி எனக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து, தீபாவளிக்கு முந்திய வாரம், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கடைத்தெரு நெரிசலில் அக்கா திடீரென்று நின்றுவிட்டார். எதிரே ஒரு கடையின் பெயர்ப்பலகை. கைப்பையின் மேல் அவர் விரல் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் பெட்டி தூக்கி வந்த ஒருவர், "ஆன்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

"இருங்க தம்பி, படிச்சிக்கிட்டு இருக்கேன்."

அவரும் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். "மலர்மாலை இங்கே கட்டித் தரப்படும்" என்று அக்கா தெருவே கேட்கும்படி சொன்னார். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். அக்கா அழவில்லை. அடுத்த கடைப் பலகைக்குப் போய்விட்டார்.

அதன்பின் தம் அலமாரியிலேயே மிகத் தடித்த நாவலை எடுத்தார். நோய் வருவதற்கு முன் வாங்கி வைத்த, படிக்காத நாவல். சின்னதாக ஒன்றில் ஆரம்பிக்கலாமே என்று அவர் மகள் சொன்னதற்கு, "சின்னதை முடிச்சா சின்ன சந்தோஷம்தான் கிடைக்கும்" என்றார். முதல் பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது முழுதும் போயிற்று. தலைவலிக்கும்; மூடி வைப்பார்; மறுநாள் விட்ட வரியில் விரலை வைப்பார். போகப் போக ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம் ஆனது. பதினான்கு மாதம்.

கடைசிப் பக்கம் ஒரு கிளினிக்கில் வந்தது. இரத்த அழுத்தம் பார்க்கக் காத்திருந்தோம். அக்காவின் எண்ணை அழைத்தார்கள். அவர் நிமிரவில்லை. மறுபடி அழைத்தார்கள். தாதி அருகிலேயே வந்துவிட்டார்.

"ஒரே ஒரு பத்தி மிஸ்ஸி. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

தாதி அந்தப் புத்தகத்தையும், வரி வரியாக ஊர்ந்த அந்த விரலையும் பார்த்தார். வேறு யாரையும் அழைக்காமல் நின்றார். அக்கா கடைசி வார்த்தையை முடித்துப் புத்தகத்தை மூடி, எழுந்து நின்று, "முடிச்சிட்டேன்!" என்றார். அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எதிர் நாற்காலியில் இருந்த சீன முதியவர் ஒருவர் என்னிடம் மலாயில் என்னவென்று கேட்டார். நான் சொன்னேன். அவர் கை தட்டத் தொடங்க, அறையே தட்டியது. உள்ளே போய்ப் பார்த்தால் இரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது. "இன்னைக்கு ஏறத்தான் செய்யும் டாக்டர்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு மேலும் ஒன்பது புத்தகங்கள் படித்தார். சென்ற ஆண்டு நுரையீரலில் கிருமி தொற்றி மருத்துவமனையில் சேர்த்தபோதும் தலைமாட்டில் ஒன்று இருந்தது. கடைசி நாளன்று பிற்பகலில் நான்கு பக்கம் படித்துவிட்டு, "இந்த ஆளு கதையை ரொம்ப இழுக்கிறாருடா" என்று குறை சொன்னார். மாலையில் அமைதியாகக் கண் மூடினார். அறுபத்து மூன்று வயது நிறைந்த வாழ்வு.

அக்காவுக்கு வைத்தியம் செய்த மருத்துவர்களுக்கும், தமிழ் தெரியாமலேயே தமிழை மீட்டுக் கொடுத்த அந்தப் பயிற்சியாளருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பெரிய எழுத்தில் அச்சான புத்தகம் எது வந்தாலும் அக்காவுக்கென்று எடுத்து வைத்த பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடைக்காரர், இனிக் கடைக்கு வரமாட்டேன் என்று ஒதுங்கிய அக்காவை வாரம் தவறாமல் வந்து பார்த்த சேலைக் கடைத் தோழியர், லிப்ட் ஓடாத நாட்களில் அக்காவைக் கைத்தாங்கலாக நான்கு மாடி ஏற்றிவிட்ட அண்டை வீட்டார், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

இன்று நினைவு நாள் உணவுக்குப் பிறகு கூடத்து மேசையைப் பாருங்கள். அக்காவின் புத்தகங்களை அங்கே பரப்பி வைத்திருக்கிறோம். பிடித்ததை எடுத்துப் போங்கள், திருப்பித் தர வேண்டாம். அக்கா விரல் வைத்துப் படித்து, ஓரத்தில் தனியாக அடுக்கியிருக்கும் பத்துப் புத்தகங்களை மட்டும் யாரும் தொட வேண்டாம். அவற்றைக் கேட்டால் அத்தான் அடுத்த வாரம் என்றுகூடச் சொல்லமாட்டார். முடியாது என்றுதான் சொல்வார்.