திருமண் பட்ட பந்து

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்குப் பல் முளைக்கிற ஜுரம். இப்போதுதான் கண் அயர்ந்தான். அவன் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதும் இரண்டு வரி எழுதுவதுமாக இருக்கிறேன்.

முசியே சவரிநாதர் காலமான செய்தி போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் அக்ரஹாரத்துக்கு வந்தது. கல்லூரி மைதானத்துக் காவல்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "ஸ்வாமி, நம்ம ஃபுட்பால் சாஹேப்ரு ஹோகிபிட்ரு" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அழுதார். சந்தியாவந்தனத்தில் இருந்த என் கணவர் பாதியில் எழுந்துவிட்டார். அப்படி அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஆடிய உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முசியே புதுச்சேரிக் கடற்கரையில் வெறுங்காலால் பந்து உதைத்து வளர்ந்தவர், பிரெஞ்சுப் பிரஜை. 'ஐயா' என்பதற்குப் பிரெஞ்சில் சொல்லும் 'முசியே'யே அவருக்குப் பெயராகிவிட்டது. இளம் வயதில் கப்பலேறிப் போய், தென் பிரான்சில் ஒரு துறைமுக நகரத்தில் மூட்டை இறக்கினார். பந்தாடுகிறவனுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அந்த நாட்டில் விதி வந்த சமயம், அவ்வூர்க் குழு அவரை முன்னணி ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டது. ஆள் குள்ளம். ஆனால் கோல் கம்பத்தருகே அவர் எழும்பினால் நெட்டை நெட்டையான வெள்ளைக்காரர்களின் தோளுக்கு மேலே அவர் தலை தெரியுமாம்.

"கால்ல போட்ட கோலு கம்மிம்மா. எல்லாம் இந்த மண்டை சம்பாரிச்சது" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். ஆட்டம் முடிந்ததும் அவ்வூர்த் தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிவந்து, ராசி என்று அந்த நெற்றியைத் தொடவைப்பார்களாம்.

ஒரு மழைநாள் ஆட்டத்தில் எதிர்க்குழுக் கோல்காவலரின் முழங்கால் அதே நெற்றியில் மோதியது. நாள்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். இனித் தலையால் பந்தைத் தொடக்கூடாது என்றார்கள் டாக்டர்கள். அடுத்த வருஷமும் ஆடிப் பார்த்தார். பந்து உயரே வரும்போதெல்லாம் குனிந்துகொண்டார். "ஜனங்க ஏசியிருந்தா பரவால்ல. சும்மா பாத்துக்கினு இருந்தாங்க. அதான் தாங்கல" என்றார் ஒரு முறை. அத்துடன் ஆட்டத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். யுத்தம் தொடங்கிய ஆண்டில் மைசூர் வந்து கல்லூரியில் பந்தாட்டப் பயிற்சியாளர் ஆனார்.

என் கணவர் அப்போது மாணவர். நல்ல ஓட்டக்காரர். ஆனால் பந்து உயரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

"ஏம்பா, பந்து இன்னா கடிக்குதா?"

"தோல் பந்து முசியே. நெத்தியிலே திருமண் இட்டிருக்கேன்."

முசியே கேலி செய்யவில்லை. சற்று யோசித்து, "குளிக்கிறதுக்கு முன்னாடி நெத்தி காலியாத்தானே கெடக்கு? வெடியக்காலம் வா" என்றார். அன்றுமுதல் அக்ரஹாரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பனி விலகுமுன் பயிற்சி.

தசரா நாட்களில் நடந்த ஆட்டம் பிற்பகலில். எல்லோர் நெற்றியிலும் பளிச்சென்று நாமம். ஓரத்திலிருந்து பந்து உயர்ந்து வந்தபோது என் கணவர் எதையும் யோசிக்காமல் எழும்பி முட்டிவிட்டார். கோல்! முசியே மைதானத்துக்குள் ஓடிவந்து பந்தைத் தூக்கிக் காட்டினார். தோலில் வெள்ளைத் தீற்றல், நடுவே சிவப்புக் கோடு.

"பாருங்கப்பா, பந்தும் ஐயங்காராயிடுச்சு!"

எதிர்க்குழுவும் சிரித்தது. என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மகனைக் கிணற்றடியில் முழுக்காட்டி, பூணூலை மாற்றச் சொன்ன பிறகுதான் சோறு போட்டாராம்.

எனக்கு விவாகமாகி வந்த பிறகும் முசியே ஞாயிறுதோறும் வருவார். வாசல் முற்றத்தோடு சரி. அவருக்கென்று சுவர் மாடத்தில் ஒரு டம்ளர் உண்டு. மாமியார் டம்ளரில் படாமல் உயரத்திலிருந்து காபியை ஊற்றுவார். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவைப்பார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இந்தப் படியத் தாண்டினா ஆஃப்சைடு. அம்மா கொடியத் தூக்கிடுவாங்க" என்பார் முசியே.

"என்னடா சொல்றார்?" என்று மாமியார் கேட்பார்.

"காபி நன்னாயிருக்காம், அம்மா."

நானும் சிரித்தேன். பி.ஏ. படித்த நான், உள்ளே வாருங்கள் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

குழந்தை பிறந்த பிறகு வந்தபோதுதான் அந்தத் தாய்மார்களின் கதையைச் சொன்னார். சொல்லிக்கொண்டே என் கையிலிருந்தவனைப் பார்த்தார். கை நீட்டவில்லை, தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார், அவ்வளவுதான். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். ஆசாரமா, யார் மூச்சுப் பட்டாலும் குழந்தைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்கிற என் ஓயாத பயமா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் நிமிர்ந்து, "தூங்கட்டும்மா" என்றார். குழந்தை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தான்.

தலையில் பட்ட பழைய அடிதான் கடைசியில் அவரைக் கொண்டுபோனது என்றார் டாக்டர். அன்று மாலையே அடக்கம். என் கணவரும் அக்ரஹாரத்துப் பழைய ஆட்டக்காரர்களும் கல்லறைத் தோட்டம் வரை போனார்கள். பெட்டி தூக்க ஆள் போதாமல் காவல்காரரும் ஒரு ஜட்காக்காரரும் தோள் கொடுத்தார்கள். வீடு திரும்பிய என் கணவர் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியிலேயே நின்னுட்டோம்" என்றார். தலையில் நீர் ஊற்றிக்கொள்ளக்கூட எழுந்திருக்கவில்லை.

அங்கே நின்ற உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. காலையில் என் கணவர் என்னிடம் கேட்டிருந்தால், குழந்தை இருக்கிற வீடு, போகவே வேண்டாம் என்றிருப்பேன்.

மறுநாள் காவல்காரர், முசியேயின் கட்டிலடியில் இருந்தது என்று ஒரு பந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். காற்று இறங்கிச் சுருங்கிய பந்து. தையலோரம் மங்கலாக ஒரு சிவப்புக் கோடு. "கொல்லையிலே போடு" என்று ஆரம்பித்த மாமியார், அந்தக் கோட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். நான் அதை உள்ளே எடுத்துவந்தபோது அவர் தடுக்கவில்லை.

இன்று ஜுரத்தில் எதற்கும் சமாதானமாகாத குழந்தை அந்தப் பந்தைக் கட்டிக்கொண்டான். இதோ, அந்தக் கோட்டின்மேல் நெற்றியை வைத்துத் தூங்குகிறான்.

போய் வாருங்கள், முசியே. உங்களைப் படிக்கு வெளியே நிறுத்தியே அனுப்பிவிட்டோம்.

முப்பதாம் நாள் கல்லறையில் அவருக்காகச் செபம் சொல்கிறார்கள். நானும் என் கணவரும் குழந்தையோடு உள்ளே போகப்போகிறோம். அவரிடம் ஆடியவர்களே, நீங்களும் உள்ளே வருவீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.