சுவருக்கு இந்தப் பக்கம் ஜீப், அந்தப் பக்கம் வேன்

எங்கள் வீட்டு வண்டியைச் செல்போனில் படம் எடுக்க இப்போதெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். முன்பாதி பட்டாளத்து ஜீப், பின்பாதி வேன். எந்தப் பட்டறையில் செய்தது என்று கேட்கிறார்கள். பட்டறையாவது ஒன்றாவது!

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவும் பெரியப்பாவும் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. குலதெய்வம் கோயிலில் வெட்டிய ஆட்டின் தலை யாருக்கு என்று தொடங்கிய சண்டை, தூத்துக்குடியில் நாங்கள் சேர்ந்திருந்த வீட்டை இரண்டாக்கி, முற்றத்தின் நடுவே ஒரு சுவரை எழுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தது. தாத்தா ஏலத்தில் எடுத்த ஜீப் எங்களுக்கு, உப்பு மூட்டை ஏற்றிய வேன் அவர்களுக்கு. இரண்டும் ஓடாது. ஓடாத வண்டிக்கு இவ்வளவு வீம்பா என்று கேட்க வாய்வரை வரும். கேட்டால் முதுகு பழுத்துவிடும்.

பங்குனி உத்திரம் நெருங்கியது. எங்கள் சாமி இருப்பது தேரிக்காட்டுச் செம்மணலுக்குள். முந்தைய வருடம் இரு வீட்டாரும் தனித்தனியாக வாடகை வண்டியில் போய், தனித்தனியாக மணலில் புதைந்து, சாமி கும்பிடாமலே திரும்பியிருந்தோம். இந்த வருடமும் பொங்கல் வைக்காவிட்டால் சாமி சும்மா விடாது என்று அம்மா அழுதாள். எனக்கோ வேறு கவலை. பெரியப்பா மகளான அக்காவோடு நான் விளையாட முடிகிற ஒரே இடம் அந்தக் கோயில்தான்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, லாரி மெக்கானிக். அம்மா கூப்பிட்டதும் வந்து ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம் போய் வேனையும் பார்த்தார்.

"ஜீப்புல இன்ஜினும், நாலு வீலும் இழுக்குத கியரும் கெட்டி அத்தான். பின்பக்கம்தான் உப்புக்காத்துல போச்சு. வேனுக்கு உடம்பு கெட்டி, இன்ஜின் செத்துப்போச்சு. ரெண்டையும் வெட்டி ஒட்டுனா மணல்ல பறக்கும். எந்த வாசல்ல வச்சு ஒட்டட்டும்?"

அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏளா, ஜீப்பு அந்தப் பக்கம் வராதுன்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு மேல் பெரியப்பாவின் தலை தெரிந்தது. "வேனும் அங்கன வராதுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு."

"சரி, அததை அங்கங்க வச்சே செய்வோம்" என்றார் மாமா.

ஜீப்பின் பின்புறத்தை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தை இந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். வேனின் முன்புறத்தை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தை அந்தப் பக்கம் நிறுத்தினார். இரண்டு வாரம் டேப்பும் கையுமாக ஏணியில் ஏறி இறங்கினார். அப்பாவும் பெரியப்பாவும் அவரவர் பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார்கள். திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மாமா சுவரின் மேல் உட்கார்ந்துகொண்டு, "வேலை முடிஞ்சிது. ஒட்ட வேண்டியதுதான். ஆனா நடுவுல சுவரு நிக்கே!" என்றார்.

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்ததுபோல் பார்த்தார்கள். கடைசியில் பெரியப்பா சம்மட்டியை எடுத்தார். அவர் முந்திவிடக்கூடாதே என்று அப்பாவும் கடப்பாரையை எடுத்தார். இடிப்பதிலும் போட்டி! புழுதி அடங்குமுன் அக்கா செங்கல்லைத் தாண்டி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மாவும் பெரியம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். புழுதியில் இருமுகிறார்கள் என்று நினைத்தேன்.

தேரி மணலில் வண்டி பறக்கவெல்லாம் இல்லை. பாதி வழியில் ஒரு தடவை புதைந்தது. அப்பா ஓட்ட, பெரியப்பா பின்னால் தள்ளினார். சக்கரம் சுற்றிச் செம்மண் முழுக்க அவர் மேல்.

"ஏலே, மெதுவா மிதிலே, கூறுகெட்டவனே!"

"அண்ணே, நீ ஒதுங்கு! கண்ணுல மண்ணு விழும்!"

மூன்று வருடத்தில் நான் நடுவில் இல்லாமல் அவர்கள் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வருடம் ஆட்டுத்தலையை மாமா எடுத்துக்கொண்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

திரும்பும்போது மாமாவிடம் கேட்டேன்: "உங்க பட்டறையில பத்து லாரி நிக்க இடம் கெடக்கு, கட்டி இழுக்க கிரேனும் இருக்கு. ரெண்டையும் அங்கன கொண்டுபோய் ஒட்டியிருந்தா சுவரு தப்பிச்சிருக்கும்லா, மாமா?"

அவர் சட்டென்று என் வாயைப் பொத்தினார். ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாயை அப்படியே என் மடியில் வைத்து, "இத வேற யாருகிட்டயும் கேக்கக்கூடாது" என்றார்.

பாவம், இவ்வளவு பெரிய மெக்கானிக்குக்கு இது தோன்றாமல் போய்விட்டதே, வெளியே தெரிந்தால் அவருக்கு எவ்வளவு அவமானம் என்று, நான் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.