உள்ளே கைப்பிடி இல்லாத கார்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வந்திருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். இது நடந்தது. போன சித்திரையில், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நம்பித் தைரியமாகத் திரிகிறவர்கள் பாவம். உச்சி வெயிலைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ரூபினாவுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ரூபினாவும் அவள் கணவன் ஷாஹுலும் உக்கடம் பக்கம் பழைய கார்களுக்கென்றே ஒரு பட்டறை நடத்துகிறார்கள். இன்ஜின் வேலை அவளுடையது. டிங்கரிங்கும் பெயின்ட்டும் அவன் பொறுப்பு. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "கார்பரேட்டர்ல குப்பை அடைச்சாலும் பேய்னுதான் சொல்லுவீங்க" என்று மூக்கை உடைத்து அனுப்பிவிடுவாள்.

அந்தக் காரைக் கொண்டுவந்தவன் அன்னூர் கௌதமன். அவனுடைய தாத்தா ஊட்டி எஸ்டேட்டுக்குப் போய்வர வாங்கிய பெரிய சீமைக் கார், ஆறு சிலிண்டர். தோட்டத்துக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் ஐம்பது வருடம் கிடந்திருக்கிறது. அப்பா லட்சுமணசாமி அந்தக் கொட்டகைப் பக்கமே போக மாட்டார். அதனால் அவருக்குத் தெரியாமல் லாரியில் ஏற்றி வருவது சுலபமாக இருந்தது. தங்கை ரித்திகா கல்யாணத்துக்கு இதில் வந்து மண்டபத்தில் இறங்க வேண்டும், அப்பா அசந்துபோக வேண்டும். கௌதமனின் ஆசை அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் வண்டி உயிர் பெற்றுவிட்டது. ஒரே ஒரு குறை. பட்டறைக்குள் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் டெம்பரேச்சர் முள் நடுவில் சமர்த்தாக நிற்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் காரமடையைத் தாண்டினால் மட்டும் சிவப்புக்கு ஏறிவிடும். ரூபினா எதையும் விட்டுவைக்கவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினாள். வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட், ஹோஸ் எல்லாம் புதிது. தெர்மோஸ்டாட் வால்வை வெந்நீரில் போட்டுப் பார்த்தாள், ஒழுங்காகத் திறந்தது. கேஸ்கட்டிலும் கசிவு இல்லை. புதிதாகப் பச்சைக் கூலன்ட் ஊற்றினாள். மறுநாளும் காரமடை தாண்டியதும் முள் சிவப்பில் நின்றது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

வண்டியில் வேறு சில விஷயங்களும் இருந்தன. அப்போது அவள் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிரைவருக்கும் பின் சீட்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் கொக்கி டிரைவர் பக்கம். பின்கதவுகளில் உள்பக்கம் கைப்பிடியே கிடையாது, கண்ணாடி இறக்கும் சுற்றுக் கைப்பிடியும் கிடையாது. அந்த ஓட்டைகளில் தேக்குத் துண்டுகளை வைத்து அழகாக அடைத்திருந்தார்கள். தடுப்புக் கண்ணாடியின் பின்பக்கம் நிறையக் கீறல்கள். எஸ்டேட்காரர்கள் நாய் வளர்த்திருப்பார்கள் என்று நினைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து பாலிஷ் போட்டு அவற்றை அழித்தாள். உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, பின்னால் வேலை செய்யும்போதெல்லாம் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை மதியம் ஷாஹுல் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினான்.

"ஏனுங்க, நான் யானைய ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாரேன்" என்றாள். பட்டறையில் அந்தக் காருக்கு யானை என்றுதான் பெயர்.

"தனியாவா? நான் வந்தர்றேன் இரு."

"நீங்க தொழுதுட்டு வாங்க. பொழுதோட வண்டியக் கொடுத்தாகணும்."

காரமடை தாண்டியதும் முள் ஏற ஆரம்பித்தது. ரூபினா பெரிய ரோட்டை விட்டுப் பழைய ரோட்டில் திரும்பினாள். ஒரு கல் பாலம். பாலத்துக்கு ஏறும் மேட்டில், மூக்கு மேலே பார்க்க வண்டியை நிறுத்தினாள். ஒரு பக்கம் பாக்குத் தோப்பு. ஆள் நடமாட்டம் இல்லை. இன்ஜினை அணைக்கவில்லை. சூடேறின இன்ஜினைச் சட்டென்று அணைத்தால் இன்னும் கெடும்.

பானெட்டைத் திறந்து ஹோஸைத் தொட்டாள். சூடு இல்லை. ரேடியேட்டர் மூடி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பயப்படாமல் திறந்தாள். கொதிக்கவில்லை. ஆனால் முள் சிவப்பில் நிற்கிறது.

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஏர்லாக்! ஊட்டிக் குளிருக்காகப் பின் சீட்டுக்கு அடியில் ஒரு ஹீட்டர் இருக்கிறது. இன்ஜினிலிருந்து அதற்குத் தண்ணீர்க் குழாய் போகிறது. அந்த லைனில் காற்று அடைத்திருக்கும். பின்னால் இருக்கும் ஹீட்டரின் தண்ணீர் டேப்பைத் திறந்துவிட்டால், காற்று ரேடியேட்டர் வாய் வழியாக வெளியேறிவிடும். இவ்வளவு நாள் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பின்கதவைத் திறந்தாள். மரக்கட்டையைச் செருகினாள். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, செருகினாள். உள்ளே மண்டியிட்டுக் கையைச் சீட்டுக்கு அடியில் விட்டு டேப்பைத் திருகினாள்.

அப்போது வண்டியின் பின்பக்கம் லேசாகக் கீழே அமுங்கியது. இன்னொருவர் ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்குமே, அப்படி.

நிமிர்ந்து பார்த்தாள். யாரும் இல்லை.

டக்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்று வீசவில்லை. பாக்கு மரத்தில் ஓர் ஓலைகூட அசையவில்லை. ரூபினா கதவைத் தள்ளினாள். தோளால் இடித்தாள். அந்தக் காலத்துக் கதவு, இரும்பு மாதிரி நின்றது. அந்தப் பக்கக் கதவும் அப்படியே. தடுப்புக் கண்ணாடியை நகர்த்திப் பார்த்தாள். கொக்கி அந்தப் பக்கம். போன் முன் சீட்டில் கிடந்தது.

காலடியிலிருந்து சூடான காற்று வர ஆரம்பித்தது.

டேப்பைத் திருப்பி மூடினாள். சூடு நிற்கவில்லை. இறுக்கி மூடினாள். இன்னும் அதிகமானது.

கண்ணாடியை உடைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் பட்டறைக்காரி புத்தி அவளைக் கெடுத்தது. அந்தக் கண்ணாடிக்கு இந்தியா முழுக்கத் தேடினாலும் மாற்று கிடையாது. நாளை மறுநாள் கல்யாணம். யாராவது வருவார்கள், கொஞ்சம் பொறுப்போம் என்று பொறுத்தாள். பொறுக்கக் கூடாத நேரத்தில் பொறுத்தாள். பிறகு காலைத் தூக்கி உதைத்தபோது உடம்பில் வலு இல்லை. தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. முன் சீட்டில் போன் வெளிச்சம் போட்டு அதிர்ந்தது. தொழுகை முடித்து ஷாஹுல் கூப்பிடுகிறான். கண்ணெதிரே அடித்து ஓய்ந்தது.

அப்போதுதான் பார்த்தாள்.

அந்தப் பக்கக் கண்ணாடியில் மூச்சு படிந்தது. வட்டமாக. மறைந்தது. மறுபடி படிந்தது...

இவ்வளவு சூட்டில் கண்ணாடியில் மூச்சு படியாது. அது அவளுக்குத் தெரியும்.

பக்கத்தில் சீட்டு கிறீச்சென்றது.

திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று மட்டும் தோன்றியது. தடுப்புக் கண்ணாடியில் நகம் கீறும் சத்தம்.

கிரீச்... கிரீச்...

அவள் கைகள் மடியில் இருந்தன.

வெளியே தோப்புக்குள் ஓர் ஆள். காக்கிச் சட்டை. கையில் தகரக் கேன். இவளைப் பார்த்துத்தான் நடந்து வருகிறார். "அண்ணா! கதவத் தொறங்ணா!"

அவர் நடந்தார்.

நடந்துகொண்டே இருந்தார்.

ஆனால் நெருங்கவில்லை.

கேனில் தண்ணீர் தளும்பும் சத்தம் மட்டும் நெருங்கியது. தளக்... தளக்...

கண் இருட்டியது.

"அல்லாவே..."

தளக்.

காதருகே ஓர் ஆண் குரல். மூச்சிரைக்கும் குரல்.

"வந்துட்டனுங்க, அம்மணி."

டக்.

கதவு திறந்தது.

ரூபினா ரோட்டில் விழுந்தாள். அவள் பாரம் இறங்கியதும் வண்டி ஒரு முறை ஆடி எழுந்தது.

பிறகு, இன்னொரு முறை ஆடி எழுந்தது.

ரோட்டில் யாரும் இல்லை. தோப்பிலிருந்து வண்டிவரை சொட்டுச் சொட்டாக ஈரம். அவள் பார்க்கப் பார்க்கக் காய்ந்துகொண்டிருந்தது. அவள் திறந்து வைத்த ரேடியேட்டர் மூடி இறுக்கமாக மூடியிருந்தது. முள் நடுவில் நின்றது.

தவழ்ந்துபோய் முன்கதவைத் திறந்து போனை எடுத்தாள். ஷாஹுல் பைக்கில் பறந்து வந்து சேரும்வரை பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை அவன் ஓட்டினான். அவள் பைக்கில் பின்னால் வந்தாள். அந்தப் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பட்டறையில் ஷாஹுல் வண்டியை உயரத் தூக்கி அடியில் போய்ப் பார்த்தான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

"ரூபி, ஹீட்டர் சூடா காத்தடிச்சுதுன்னு சொன்னியே?"

"ஆமாங்க. கால் வெந்துபோச்சு. பாருங்க." கணுக்காலில் தோல் சிவந்து கன்றியிருந்தது.

"இந்த ஹீட்டருக்குத் தண்ணியே போகாது. குழாயை ரெண்டு பக்கமும் அறுத்து, முனைய வெல்டிங் வெச்சு அடைச்சிருக்கான் எவனோ. அது மேல அம்பது வருசத்துத் துரு இருக்குது."

அடைத்த அந்தக் குழாயில் காற்று தேங்கித்தான் முள் ஏறியிருக்கும், பழுதுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று அவனே சமாதானம் சொன்னான். சொல்லிக்கொண்டே ரேடியேட்டரில் தண்ணீர் வடிக்கும் அடித்திருகைத் திறந்தான். பச்சைக் கூலன்ட் வரவில்லை. தெளிந்த, சில்லென்ற தண்ணீர் வந்தது. கூடவே இரண்டு பாக்குப் பூ.

அந்தப் பூக்களை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

ரூபினா கௌதமனைப் போனில் கூப்பிட்டாள். "உங்கப்பாவப் பாக்காம வண்டியக் குடுக்க மாட்டனுங்க. அதுல உங்க தங்கச்சிய ஏத்தப் போறீங்க" என்றாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவதாக அவன் சொன்னான்.

பொழுது சாயும் நேரத்தில் லட்சுமணசாமி வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். பட்டறை வாசலில் காரைப் பார்த்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ரூபினா நடந்ததைச் சொன்னாள். கல் பாலம் என்றதும் அவர் உட்கார இடம் தேடினார். ஷாஹுல் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"எங்க ஊட்டுப் பொம்பளைங்க கதவத் தானாத் தொறந்து எறங்கக் கூடாதுன்னு எங்கய்யன் கைப்பிடியெல்லாம் கழட்டிப்போட்டாருங்க. டிரைவர் எறங்கி வந்து தொறக்கோணும். அது கவுரவமாம்" என்றார்.

"டிரைவர் பேரு?"

"பங்காரு. அன்னைக்கு அந்தப் பாலத்துல வண்டி கொதிச்சுப்போச்சு. ஹீட்டரத் தொறந்துவிட்டா இன்ஜின் சூடு எறங்கும்னு தொறந்துவிட்டு, இன்ஜின் ஓட ஓட, தண்ணி எடுக்கப் போனான். கேன்ல தண்ணியோட பெரிய ரோட்டத் தாண்டறப்ப லாரி அடிச்சுப்போட்டுது. வண்டிக்குள்ள ஆளு இருக்குதுன்னு சொல்றதுக்குக்கூட உசுரு இல்லீங்க."

கௌதமன் மெதுவாகக் கேட்டான். "உள்ள யாருங்கப்பா?"

"எங்கம்மா. பாப்பாயி."

பாட்டி மாரடைப்பில் இறந்ததாகத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். அவர் எழுந்துபோய்த் தடுப்புக் கண்ணாடியைத் தடவினார். "இதுல எங்கம்மா நகம் கீறுனது இருக்குமே?" என்றார். பாலிஷ் போட்டு அழித்துவிட்டேன் என்று ரூபினா எப்படிச் சொல்வாள்? வண்டி இரண்டு முறை ஆடியதை மட்டும் சொன்னாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"அப்ப எங்கம்மா எறங்கிட்டாங்களா, அம்மணி?"

அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உள்ள கைப்பிடி வெச்சுக் குடுங்க. வெச்சா வண்டி வரட்டும்."

பழைய டாக்சியில் கழற்றிய இரண்டு கைப்பிடிகளை அவளே திருகினாள். காருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மண்டப வாசலில் லட்சுமணசாமியும் ரூபினாவும் நின்றார்கள். கௌதமன் ஓட்டி வந்தான். பின் சீட்டில் ரித்திகா மட்டும். கதவைத் திறக்க ஓடிய ஆளை லட்சுமணசாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

ரித்திகா கைப்பிடியைப் பிடித்துத் தானே திறந்தாள். சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

வண்டி ஒரு முறை ஆடி எழுந்தது.

ரூபினா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பின்சக்கரத்தையே பார்த்தாள்.

இன்னொரு முறை ஆடி எழுந்தது.

லட்சுமணசாமி அதைப் பார்த்துவிட்டார். யாரும் இல்லாத அந்தக் கதவைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்கம்மா" என்றார்.